கொத்துச் சாவி யார் இடுப்பில்?

(மென்பொருள் மாணவர்களும் நிரலாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திறமூல மென்பொருளின் பெருமையை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இலவசம், சுதந்திரம், உலகமே கூடி எழுதுகிறது என்றெல்லாம். நான் பேச வந்திருப்பது அதைப் பெருக்கித் துடைக்கிற வேலையைப் பற்றி. எழுதி முடித்த நிரலை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது பற்றி. வறண்ட விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்குள் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் ஒரு பொதுப் பாதுகாப்பு மடலில் தன் கண்டுபிடிப்பை எழுதினார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை வளர்ப்பவர்களில் அவரும் ஒருவர். அதன் வேகத்தை அளந்து பார்ப்பதற்காக டெபியன் லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பை ஒரு கணினியில் போட்டு வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் அங்கே வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடிதான். நீங்களோ நானோ என்றால் இணையம் இழுக்கிறது என்று டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். தோண்டிக்கொண்டே போனதில் எக்ஸ்இசட் என்ற ஒரு சின்னக் கருவியில் போய் நின்றார்.

எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் ஓடும் கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அது இருப்பது யாருக்கும் தெரியாது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகளுக்குள் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவி கையில் இருப்பவர் அந்தக் கதவு வழியாகக் கணினிக்குள் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். கள்ளப்பகுதி சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எழுப்பிவிடும் வரி எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிக் கொடுத்த பொதியில் மட்டும் இருந்தது. டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது ஏற்கெனவே போயிருந்தது. நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன் அகப்பட்டது.

வைத்தவர் யார்? வெளியிலிருந்து சுவரேறிக் குதித்தவர் இல்லை. அந்தத் திட்டத்தின் இணைப் பராமரிப்பாளர்.

எக்ஸ்இசட்டை ஆண்டுக்கணக்காகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின். சம்பளம் கிடையாது. 2021 கடைசியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. ஏன் இவ்வளவு தாமதம், திருத்தங்கள் ஏன் தூங்குகின்றன, உங்களால் முடியவில்லை என்றால் வேறொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரிக்கத் தொடங்கின. அந்தப் பெயர்களுக்கு அதற்கு முன்னும் சரித்திரம் இல்லை, பின்னும் இல்லை. காலின் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை, நெடுநாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. படிக்கவே சங்கடமாக இருக்கும் பதில் அது. ஒரு மனிதர் பொதுவெளியில் நின்று, தான் களைத்துப்போயிருப்பதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டே ஜியா டானுக்கு உரிமைகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு அவரே வெளியீடுகளைத் தயாரித்தார். பிறகு திட்டத்தின் இணையதளமும் அவர் கை எட்டும் இடத்துக்கு வந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக, உண்மையாகவே நல்ல வேலை செய்துவிட்டு, 2024 பிப்ரவரியில் கதவை வைத்தார். ஜியா டான் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இதைக் கேட்டதும் பலருக்கு முதலில் தோன்றியது, ‘அறிமுகமில்லாதவரிடம் பொறுப்பைப் பகிர்ந்ததால் வந்த வினை’ என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அங்கே பகிர்வு எதுவும் நடக்கவில்லை. மாமியார் இடுப்பில் இருந்த கொத்துச் சாவி மருமகள் இடுப்புக்கு மாறியது போல, ஒருவர் தோளில் கிடந்த மொத்தமும் இன்னொருவர் தோளுக்குப் போனது. முன்பும் ஓர் ஆள், பின்பும் ஓர் ஆள். அந்த ஓர் ஆள் கட்டிய வெளியீட்டுப் பொதியைப் பிரித்துக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது ஆள் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஐந்தாறு பேர் சுமந்த திட்டமாக இருந்தால் அந்த நச்சரிப்பு மடல்களுக்கே வேலை இருந்திருக்காது. களைத்த தனி மனிதரைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

இது புதிய உத்தியும் இல்லை. 2018இல் நோட்.ஜேஎஸ் உலகத்தில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நிரல்தொகுப்புக்கு இதே கதி. அதை எழுதியவர் அதைப் பயன்படுத்துவதை எப்போதோ விட்டுவிட்டார். வாரத்துக்குப் பல லட்சம் முறை அதைப் பதிவிறக்கினார்கள். பராமரிக்க ஒருவரும் இல்லை. ஒருவர் மடல் அனுப்பி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார், இவரும் கொடுத்துவிட்டார். சில வாரங்களில் பிட்காயின் பணப்பை ஒன்றிலிருந்து திருடும் நிரல் அதற்குள் ஏறியது. விஷயம் வெளிவந்ததும் எழுதியவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். அவர் சொன்ன சமாதானம் எனக்கு நியாயமாகவே படுகிறது: இதனால் எனக்கு ஒரு பைசா வரவில்லை, நான் பயன்படுத்துவதும் இல்லை, வேண்டும் என்று ஒருவர் கேட்டார், கொடுத்தேன். பல லட்சம் பேர் சாப்பிட்ட பந்தியில் இலை எடுக்க ஒருவர்தான் கை தூக்கினார் என்றால், குற்றம் பந்தி வைத்தவர்மேல் மட்டுமா?

சரி, பராமரிப்பு என்றால் என்ன வேலை? இங்கே இருக்கும் மாணவர்களைக் கேட்டால் நிரல் எழுதுவது என்பார்கள். அது ஒரு துண்டு. வருகிற வழு அறிக்கைகளைப் படித்து, இது உண்மையான வழுவா, ஏற்கெனவே சொன்னதா, நம் கணினியிலும் வருகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. பிறர் அனுப்பும் திருத்தத்தை வரிவரியாகப் படிப்பது ஒரு வேலை. ‘இது வேண்டாம்’ என்று மனம் நோகாமல் சொல்வது அதைவிடக் கடினமான வேலை. பதிப்பு வெளியிடுவது, அதற்குக் கையொப்பமிடுவது, ஆவணத்தைத் திருத்துவது, தானியங்கிச் சோதனைகள் உடைந்தால் சரிசெய்வது, பாதுகாப்பு மடல்களுக்கு இரவோடு இரவாகப் பதில் சொல்வது, டொமைன் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது. கடைசியில் சொன்னதைக் கேட்டு முன்வரிசையில் சிரிக்கிறார்கள். டொமைன் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால் அவர் உங்கள் பெயரில் மடல் முகவரி உண்டாக்கலாம். மடல் முகவரி கிடைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம். சிரிக்கிற விஷயமில்லை.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரலைத் தொடும் உரிமையே தேவையில்லை. வழு அறிக்கையைச் சரிபார்க்க எந்தச் சாவியும் வேண்டாம். ஆவணத்துக்கும் வேண்டாம். ஆனால் நம் திட்டங்களில் உரிமை என்பது இருந்தால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று இருக்கிறது. களைத்துப்போனவர் உதவி கேட்கும்போது வேலையைக் கொடுப்பதில்லை, சாவியைக் கொடுக்கிறார். வேலையை முதலில் கொடுங்கள், சாவியைக் கடைசியில், அதுவும் துண்டு துண்டாகக் கொடுங்கள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலைப் பாருங்கள். 1998இல் அங்கேயும் இதே நெருக்கடி வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வரும் திருத்தங்கள் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஒரே மனிதரின் மடல்பெட்டியில் விழுந்தன. அவர் பார்க்காமல் விட்டவை காணாமல் போயின, அனுப்பியவர்கள் கோபப்பட்டார்கள், அவரும் வெடித்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். ஒரு மனிதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பதை அந்தச் சமூகம் அப்போது விவாதித்தது. 2002இல் பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குப் போனார்கள். அதன் உரிமத்தில் சண்டை வந்து 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் எழுதினார். நீங்கள் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறீர்களே, அதே கிட். பலர் பலவற்றைத் தனித்தனியே பராமரித்து மேலே அனுப்ப வேண்டும் என்ற தேவைக்காகவே அதற்கு அந்த வடிவம் வந்தது.

கெர்னல் நிரலோடு மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, யாருக்கு மடல் அனுப்ப வேண்டும் என்று ஆயிரக்கணக்கான வரிகள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பகுதிக்கும் நிலை எழுதியிருக்கும். இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு குறி. சம்பளமில்லாவிட்டாலும் ஆள் இருக்கிறது என்பதற்கு ஒரு குறி. ஆள் இருக்கிறது, ஆனால் நேரம் கிடைக்கும்போதுதான் என்பதற்கு ஒரு குறி. அநாதை என்பதற்கும் ஒரு குறி. எந்தத் தூணைக் கறையான் அரிக்கிறது என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.  

கெர்னலில் ஒரு திருத்தம் பகுதிப் பராமரிப்பாளரிடம் போய், அவர் தொகுத்து மேலே அனுப்பி, கடைசியில் டோர்வால்ட்ஸிடம் சேர்கிறது. வழியில் கைபட்ட ஒவ்வொருவரும் தன் பெயரை அதில் பதிக்கிறார்கள். அந்த வழக்கம் 2004இல் வந்தது. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இப்படித்தான் ஏறுகின்றன. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் கோபத்தைச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று சில வாரம் விலகி இருந்தார். 4.19 பதிப்பை கிரெக் குரோ-ஹார்ட்மன் வெளியிட்டார். பயன்படுத்துகிற நமக்கு வித்தியாசமே தெரியவில்லை. நல்ல பராமரிப்புக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம்.

அடுத்து டெபியன். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ் வழங்கல் அது. அங்கே எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய அறிவிப்புப் பலகை. ஒரு பொதியைப் பார்த்துக்கொள்பவர் நான்கு நிலையில் இருக்கலாம். எல்லாம் நன்றாகப் போகிறது என்றால் பேச்சில்லை. உதவி தேவை என்றால் அதற்கு ஓர் அறிவிப்பு. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் யாராவது தத்தெடுத்தால் நல்லது என்றால் அதற்கு ஓர் அறிவிப்பு. கைவிட்டுவிட்டேன் என்றால் அதற்கும் ஓர் அறிவிப்பு. இதில் எதைப் போட்டாலும் அவமானம் இல்லை. என்னால் முடியவில்லை என்பதைச் சொல்ல ஒரு படிவம் இருக்கிறது! அந்தப் படிவம் டெபியனின் எந்தத் தொழில்நுட்பச் சாதனைக்கும் குறைந்ததல்ல என்பது என் கட்சி. காலினுக்கு அப்படி ஒரு பலகையும், அதைப் பார்த்து நியாயமாக வரக்கூடிய நாலு பேரும் இருந்திருந்தால், தன் மனநலப் பிரச்சினையை ஊருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

பொதிக்காரர் சொல்லாமலே மறைந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பாளர் அல்லாத இன்னொரு டெபியன் உறுப்பினர் அவசரத் திருத்தத்தை ஏற்றலாம். பெரும்பாலும் சில நாள் வரிசையில் காத்திருந்தே அது ஏறும், உரியவர் வந்தால் தடுத்துக்கொள்ளலாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியை மீட்டெடுக்கிறேன் என்று அறிவித்து, 21 நாள் காத்திருந்து, மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொள்ளும் முறையும் 2018இலிருந்து இருக்கிறது. தாமதம் பிடிக்காதவர்களுக்கு இது எரிச்சல் தரும். ஆனால் எக்ஸ்இசட் கதையில் எல்லோரையும் விரட்டியது அவசரம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பைதானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்த கதை. கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில், ஒரு சிறிய இலக்கணச் சேர்க்கைக்காக நடந்த நீண்ட சண்டைக்குப் பிறகு, கடைசி வார்த்தை சொல்லும் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசு அறிவிக்க மறுத்தார். பல பேர் அதைப் பொறுப்பின்மை என்றார்கள். நான் அதை அவர் செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்பேன். வாரிசைக் காட்டியிருந்தால் கொத்துச் சாவி இன்னொரு இடுப்புக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். மைய நிரலாளர்கள் ஏழு திட்டங்களைப் போட்டு, விவாதித்து, டிசம்பரில் வாக்களித்து, ஐந்து பேர் குழு என்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பின் மறுபடி தேர்தல். முதல் குழுவில் கைடோவும் ஐவரில் ஒருவராக உட்கார்ந்தார்.

விம் எடிட்டரின் கதை வேறு மாதிரி. பிராம் மோலனார் 1991இலிருந்து தன் கையாலேயே ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றி வந்தார். அன்பான மனிதர், விம் பிடித்திருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டவர். ஆனாலும் ஒருவர் வழியாகவே எல்லாம் போக வேண்டியிருந்ததில் சிலர் பொறுமை இழந்தார்கள். தன் திருத்தம் ஏற்கப்படாத ஒருவர் 2014இல் நியோவிம் என்று பிரித்துக்கொண்டு போனார். பகிராவிட்டால் பிரியும் என்பதற்கு அது உதாரணம். 2023 ஆகஸ்ட் 3 அன்று மோலனார் காலமானார். நெடுநாள் பங்களித்து வந்த கிறிஸ்டியன் பிரபாண்ட் முன்னின்று பொறுப்பேற்க, 2024 ஜனவரி 2 அன்று 9.1 பதிப்பு மோலனாரின் நினைவுக்குச் சமர்ப்பணமாக வெளிவந்தது. வேலை தெரிந்தவர்கள் ஏற்கெனவே அருகில் இருந்ததால் விம் பிழைத்தது. எல்லாத் திட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இங்கே ஒருவர் கை தூக்குகிறார், பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெடித்தபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டி வைத்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நன்கொடையாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது. முழுநேரமாக ஒருவர்தான் இருந்தார். வெட்கக்கேடு. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன, நல்லதுதான். ஆனால் அந்த வழு நுழைந்தது எப்படி? ஒருவர் எழுதினார், ஒருவர் பார்த்தார், இருவர் கண்ணுக்கும் தப்பியது. பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல் குழு ஒவ்வொரு திருத்தத்தையும் குழுவினர் இருவராவது பார்த்தாக வேண்டும் என்று விதி செய்தது. பணம் அந்த இரண்டு பேருக்கு நேரத்தை வாங்கித் தரும். விதியைப் பணம் எழுதாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருத்தம் அனுப்பியவருக்கெல்லாம் உடனே உரிமை கொடுங்கள், நம்பினால் மனிதர்கள் பொறுப்பாக நடப்பார்கள் என்று வாதிட்டவர்களும் உண்டு. ருபினியஸ் என்ற ரூபி திட்டத்தில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டாலே உரிமை கொடுத்தார்கள். அந்தத் தாராளத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஓர் அழகான அட்டவணை வரைகிற சின்ன நிரல்தொகுப்புக்கு அது பொருந்தும். உலகின் சர்வர்கள் எல்லாம் சார்ந்திருக்கும் ஒன்றுக்குப் பொருந்தாது. எவ்வளவு பேர் நம்மேல் சாய்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கதவின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய, படிக்க அழகாக இருக்கும், உள்ளே ஒன்றுமில்லாத வழு அறிக்கைகள். கர்ல் கருவியின் டேனியல் ஸ்டென்பெர்க் இதனால் சலித்துப்போய், வழு கண்டுபிடித்தால் பரிசு என்ற திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். குப்பையைப் பிரிக்கும் வேலைக்கு இன்று முன்னைவிட அதிகக் கைகள் வேண்டும்.

ஆகவே இங்கிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு நூலகம் எழுதிக் கிட்ஹப்பில் போட்டுவிட்டு அதைத் தற்குறிப்பில் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒன்றின் வழுப் பட்டியலைத் திறந்து, ஆறு மாதமாகப் பதிலில்லாமல் கிடக்கும் ஒன்றை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, வருகிறது அல்லது வரவில்லை என்று எழுதுங்கள். க்னோம், கேடிஇ போன்றவற்றுக்குத் தமிழாக்கக் குழுக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு சரத்தை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், இன்னொருவர் மொழிபெயர்த்ததைப் படித்துச் சரிபாருங்கள். புகழ் கிடைக்காது. ஆனால் எங்கோ ஒருவருக்கு ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும்.

ஏற்கெனவே ஏதேனும் ஒன்றைப் பராமரிப்பவர்கள் இந்த அரங்கில் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்று இரவு ஒரு தாளை எடுத்து, உங்கள் திட்டத்தின் வெளியீட்டுச் சாவி, டொமைன், களஞ்சிய உரிமை, பாதுகாப்பு மடல் முகவரி ஆகிய நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களைத் தவிர இன்னொருவர் பெயரை எழுதப் பாருங்கள். பெயர் வராத இடத்துக்கு, உங்களோடு ஓராண்டாவது வேலை செய்த ஒருவரைத் தேடத் தொடங்குங்கள். நீங்கள் நன்றாக இருக்கும்போதே தேடுங்கள்.